படம் எடுக்காமல் நடந்த ஆற்றங்கரையை எப்படி வரைகிறார்கள்?

ஓவியக் கண்காட்சிகளில் சில படங்களுக்குக் கீழே "ஆற்றங்கரை நடையின் நினைவிலிருந்து" என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். நிமிர்ந்து பார்த்தால் ஆறு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பழுப்பில் நாலைந்து பட்டை, மேலே கொஞ்சம் நீலம், மூலையில் வெள்ளையாக ஏதோ அப்பியிருக்கும். பார்க்க வந்தவர்களில் ஒரு சாரார், "போட்டோ எடுத்து வைத்து வரைந்திருந்தால் இன்னும் நல்லா வந்திருக்குமே" என்பார்கள். இன்னொரு சாரார், "இதெல்லாம் உணர்வுங்க, மனசுக்குத் தோணினதை அப்படியே தீட்ட வேண்டியதுதான்" என்பார்கள். இரண்டுமே தப்பு. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய தப்பு. ஓவியருக்குப் பரிந்து பேசுவதுபோல் பேசி, அவர் செய்த வேலையை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது.

நினைவிலிருந்து வரைவதற்கு முறை இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, அதற்குப் பின்னால் மூளை வேலை செய்யும் விதமும் இருக்கிறது. தூரிகையே பிடித்திராதவர்களுக்கும் புரியும்படி அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு நடை, ஒரு படம்

கோலாலம்பூர்க்காரர்களுக்கு இந்த இடத்தை விளக்கவே வேண்டாம். மஸ்ஜித் ஜாமெக் எல்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேரும் முனை. முனையில் பள்ளிவாசல். ஹப்பாக் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது, 1909இல் திறக்கப்பட்டது, சிவப்புச் செங்கல்லும் வெள்ளைப் பூச்சும் பட்டை பட்டையாக மாறி மாறி வரும். அங்கிருந்து ஆற்றோரமாகவே நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பசார் சேனி சந்தை. இருட்டத் தொடங்கியதும் முனையில் நீல விளக்கைப் போட்டுப் புகைபோல் நீர்த்திவலையை விடுவார்கள். ஆறு மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் தே தாரிக் என்ற பால் தேநீரின் நிறத்திலேயே ஓடும்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்புக்குச் செந்தூலிலிருந்து ஓர் அக்கா வருகிறார். வேலை முடிந்ததும் இந்த வழியாக நடந்து, துன் எச். எஸ். லீ சாலையில் இருக்கும் மகா மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வீடு திரும்புவது அவர் வழக்கம். அந்த நடையை அக்ரிலிக் வண்ணத்தில் வரைந்தார். போனில் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

கேன்வாஸில் மூன்றில் இரண்டு பங்கு பழுப்புத் தண்ணீர். இடது பக்கம் கிட்டத்தட்ட கறுப்பாக ஒரு கட்டடம். அதில் ஒரே ஒரு மினாரின் விளிம்பு மட்டும் துல்லியமாக இருக்கிறது, மற்றதெல்லாம் கரைந்து கிடக்கிறது. நடுவில் நீலம். நீலத்துக்கு மேலே வெளிர் மஞ்சளில் மெல்லிய கோடு ஒன்று வளைந்து மேலே ஏறுகிறது. வலது கீழ் மூலையில் வெள்ளையை ஓவியக் கத்தியால் தடிமனாக அப்பியிருக்கிறார். கம்பித் தடுப்பு இல்லை, நடைபாதை இல்லை, ஆள் நடமாட்டமே இல்லை.

"இது எந்த இடம்?" என்று வகுப்பில் எல்லோரும் கேட்டோம். அதைவிட நல்ல கேள்வி, இது ஏன் இப்படி வந்தது என்பது.

மூளையில் ஆல்பம் கிடையாது

வாசலில் தினமும் கோலம் போடுகிறவரைப் பாருங்கள். முழுக் கோலத்தின் படம் அவர் தலைக்குள் தொங்கிக்கொண்டிருப்பதில்லை. எத்தனை புள்ளி, எங்கே வளைக்க வேண்டும், எந்தச் சுழி எதோடு சேரும், இவ்வளவுதான் இருக்கும். மாவை எடுத்துக் குனிந்ததும் அதிலிருந்து கோலம் புதிதாக எழும்பும். நடுவில் ஒரு சுழி மறந்துபோனால் கை நின்றுவிடாது. பழகிய வேறொரு சுழியைப் போட்டு ஒப்பேற்றிவிடும். பார்க்கிறவருக்குத் தெரியாது. பல நேரம் போட்டவருக்கே தெரியாது.

நினைவும் ஏறக்குறைய இப்படித்தான். நேற்று மாலை நடந்த நடை மூளையில் ஒரே இடத்தில் கோப்பாகப் பதிவதில்லை. கண்ட நிறம் ஒரு பகுதியில், கேட்ட ஓசை இன்னொரு பகுதியில், காலடியில் பட்ட சூடு வேறொரு பகுதியில் தடம் விடுகிறது. இவற்றையெல்லாம் ஒரே நிகழ்ச்சியாகச் சேர்த்துக் கட்டுவது ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதி. நினைத்துப் பார்க்கும்போது அந்தத் துண்டுகளை மூளை மறுபடி கூட்டிக் கட்டுகிறது. இடையில் விட்டுப்போனதை, "இப்படித்தான் இருந்திருக்கும்" என்று பொது அறிவால் நிரப்பிக்கொள்கிறது. இதற்கு மறுகட்டமைப்பு என்று பெயர்.

கேம்பிரிட்ஜில் பிரெடெரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932இலேயே இதைக் காட்டிவிட்டார். பழக்கமில்லாத ஒரு வேற்றுநாட்டுக் கதையைப் படிக்கக் கொடுத்து, பிறகு திரும்பச் சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்லக் கதை சுருங்கியது. புரியாத பகுதிகள் உதிர்ந்துபோக, சொல்கிறவருக்குப் பழகிய விஷயங்கள் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன.

ஆக, இதுவரை பார்த்தது: நினைவிலிருந்து வரைகிறவர் மங்கிய போட்டோவைப் பார்த்து நகலெடுக்கவில்லை. துண்டுகளிலிருந்து அந்த இடத்தை மறுபடி கட்டுகிறார். கட்டும்போது எது கூடுகிறது, எது குறைகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் படம் புரிந்துவிடும்.

நிறத்தை நினைவு என்ன செய்கிறது?

செங்கல் என்ன நிறம்? கேட்டவுடன் "சிவப்பு" என்போம். உண்மையான செங்கல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவ்வளவு சிவப்பு இருக்காது. நமக்குப் பழகிய பொருள்களின் நிறத்தை மூளை ஒரு நிலையான நிறமாக எடுத்து வைத்துக்கொள்கிறது. இதை நினைவு நிறம் என்பார்கள். 1960இல் பார்டில்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர், புல், செங்கல், வானம் போன்றவற்றின் நிறத்தை நினைவிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பார்த்தார். பெரும்பாலும் உண்மையைவிட அழுத்தமான நிறத்தையே மக்கள் எடுத்தார்கள். நினைவில் புல் இன்னும் பச்சையாகவும் செங்கல் இன்னும் சிவப்பாகவும் ஆகிவிடுகிறது.

கோலாலம்பூரில் வளர்ந்த பிள்ளையும் ஆறு வரையச் சொன்னால் நீலத்தைத்தான் எடுக்கும். அது பிறந்ததிலிருந்து பார்த்த ஆறு எதுவும் நீலமாக இருந்திருக்காது. "ஆறு" என்ற பொதுச் சங்கதி கண்ணால் கண்டதை முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. நினைவு ஓவியத்தில் முதல் எதிரியே இந்தப் பொதுச் சங்கதிதான்.

சரி, அப்படியானால் அக்காவின் படத்தில் பள்ளிவாசல் இன்னும் சிவப்பாக அல்லவா வந்திருக்க வேண்டும்? கறுப்பாக இருக்கிறதே?

அதற்குக் காரணம் நினைவு இல்லை, கண். நம் விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றன. நல்ல வெளிச்சத்தில் கூம்புச் செல்கள் வேலை செய்யும், நிறத்தை அறிவது அவைதான். வெளிச்சம் மங்கினால் கோல் செல்கள் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். கோல் செல்களுக்குச் சிவப்பு ஒளி ஏறக்குறையத் தெரியாது, நீலப்பச்சைப் பக்கம் நன்றாகத் தெரியும். அதனால் அந்தி நேரத்தில் சிவப்புப் பொருள் மளமளவென்று கறுத்துப்போகும், நீலம் தனியாக மினுங்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் நாட்டு அறிஞர் பூர்க்கின்யே கவனித்துச் சொன்னதால் இது பூர்க்கின்யே விளைவு எனப்படுகிறது. மஸ்ஜித் ஜாமெக் முனையில் அந்தி மகரிப் தொழுகை நேரத்தில் நின்று பாருங்கள். விளக்கு படாத செங்கல் பட்டைகள் முதலில் அணைந்துவிடும், வெள்ளைப் பட்டைகள் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், நீலம் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

இங்கேதான் ஓவியர் ஒரு பக்கம் நின்றாக வேண்டும். நினைவு நிறம் "செங்கல் சிவப்பு" என்கிறது, அந்தியில் பார்த்த கண் "கறுப்பு" என்கிறது. அக்கா கண்ணின் பக்கம் நின்றார். எந்த மணி நேரத்தில் நடந்த நடை என்பது அந்த ஒரு கறுப்பிலேயே தெரிந்துவிடுகிறது. மனதுக்குத் தோன்றியதைத் தீட்டியிருந்தால் சிவப்புதான் வந்திருக்கும்.

ஏன் ஒரு விளிம்பு மட்டும் கூர்மை?

கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஒரு நேரத்தில் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரியும் பரப்பு ஏறக்குறைய அவ்வளவுதான். மற்றதெல்லாம் மங்கல். கண் ஓயாமல் அங்கும் இங்கும் தாவுவதால்தான் எல்லாமே தெளிவாக இருப்பதாகத் தோன்றுகிறது. நடந்துகொண்டே பார்க்கும்போது நின்று உற்றுப்பார்த்த இடங்கள் சிலவே இருக்கும். அக்கா உற்றுப்பார்த்தது ஒரு மினாரை. மற்றவை பக்கவாட்டில் கடந்துபோனவை. நினைவு ஓவியத்தில் விளிம்புகள் கரைந்திருப்பது வரையத் தெரியாததால் அல்ல, பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லாததால்.

தண்ணீர் ஏன் அவ்வளவு இடத்தைப் பிடித்தது என்பதற்கும் ஒரு விளக்கம் சொல்லலாம். 1989இல் இன்ட்ராப், ரிச்சர்ட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் நெருக்கத்தில் எடுத்த போட்டோக்களைக் காட்டி, பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். ஏறக்குறைய எல்லோருமே படத்தின் ஓரத்துக்கு வெளியே இருந்திருக்கக்கூடிய பகுதியையும் சேர்த்து வரைந்துவிட்டார்கள். இது எல்லை விரிவு. நெருக்கமாகப் பார்த்த ஒன்றை மூளை தன்னாலேயே கொஞ்சம் அகலப்படுத்துகிறது. கம்பித் தடுப்பில் சாய்ந்து கீழே தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றவருக்கு, அந்தத் தண்ணீர் நினைவில் பரந்து விரிவதில் ஆச்சரியம் இல்லை. தூரத்திலிருந்து பார்த்த அகலமான காட்சிகளில் இதற்கு நேர்மாறாகச் சுருங்குவதும் உண்டு.

மல்லிகை வாசனையை எப்படி வரைவது?

நேரடிப் பதில்: வரைய முடியாது. வாசனைக்கு உருவம் இல்லை. ஆனால் இந்தப் பகுதியில்தான் அதிகமான கட்டுக்கதைகள் உலவுகின்றன, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பார்ப்பது, கேட்பது, தொடுவது ஆகிய எல்லாம் மூளையின் நடுவே தாலமஸ் என்ற இடைநிலையத்தைத் தாண்டித்தான் மேலே போகும். மணம் மட்டும் அந்த வரிசையில் நிற்காது. மூக்கிலிருந்து மண முகுளம் என்ற பகுதிக்குப் போய், அங்கிருந்து நேராக உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலாவையும், நினைவைக் கட்டும் ஹிப்போகேம்பஸின் அக்கம்பக்கத்தையும் எட்டிவிடும். மழை ஓய்ந்து ஆற்றங்கரையில் கிளம்பும் மண்வாசனை ஒரு நொடியில் தோட்டப்புற வீட்டு வாசலுக்கு நம்மைக் கொண்டுபோய் விடுவது இதனால்தான். மண்வாசனைக்கு முக்கியக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள், மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் உண்டாக்குவது. கொஞ்சமே கொஞ்சம் இருந்தாலும் மனித மூக்கு பிடித்துவிடும்.

இதை வைத்து "மணம் கிளப்பும் நினைவுதான் மிகச் சரியான நினைவு" என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. மணம் கிளப்பும் நினைவில் உணர்ச்சி அதிகம், பெரும்பாலும் சிறுவயதுக்கே போகும். ஆனால் விவரங்கள் மற்ற நினைவுகளைவிடச் சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

அப்படியானால் ஓவியர் என்ன செய்வார்? ஒரு புலனில் பட்டதற்கு இன்னொரு புலனில் ஈடு தேடுவார். இது மனம்போன போக்கில் நடப்பதில்லை. மெல்லிய, உச்ச ஓசைக்கு வெளிர் நிறத்தையும் சிறிய உருவத்தையும் மேலான இடத்தையும் பொருத்துவது, கனத்த ஓசைக்கு இருண்ட நிறத்தையும் பெரிய உருவத்தையும் கீழான இடத்தையும் பொருத்துவது, இது பெரும்பாலான மனிதர்களிடம் காணப்படும் போக்கு. புலனிடைப் பொருத்தம் என்று இதைச் சொல்லலாம்.

இதில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. கூர்முனைகள் கொண்ட ஓர் உருவம், உருண்டு திரண்ட ஓர் உருவம். "கிகி", "பூபா" என்ற பொருளில்லாத இரண்டு பெயர்களில் எது எதற்குப் பொருந்தும்? நரம்பியல் அறிஞர் விளையனூர் ராமச்சந்திரனும் அவருடைய சக ஆய்வாளரும் 2001இல் வெளியிட்ட இந்தச் சோதனையில், அமெரிக்கக் கல்லூரி மாணவர்களோடு இந்தியாவில் தமிழ் பேசுகிறவர்களிடமும் கேட்டதாகச் சொல்லப்படுகிறது. ஏறக்குறைய எல்லோரும் கூர்மையானதைக் கிகி என்றார்கள், உருண்டையைப் பூபா என்றார்கள். 2022இல் 25 மொழிகளில் கேட்டுப் பார்த்தபோதும் பெரும்பாலானவற்றில் அதே போக்கு தெரிந்தது. ஓசையைக் கேட்டாலே நிறம் கண்ணில் தெரியும் சிலர் இருக்கிறார்கள். அது சினெஸ்தீசியா, அரிதானது, வேறு சங்கதி. நினைவு ஓவியத்துக்கு அது தேவையில்லை.

இப்போது அக்காவின் படத்துக்கு வாருங்கள். நீலத்துக்கு மேலே வளைந்து ஏறும் வெளிர் மஞ்சள் கோடு, தொழுகைக்கு அழைக்கும் பாங்கோசை. மூலையில் அப்பியிருக்கும் வெள்ளைதான் மல்லிகை, கோயில் வாசல் பூக்கடைகளிலிருந்து வருவது. அதற்கு முன்னால் ஆற்றுச் சேற்றின் வாடையைத் தாண்டி வந்திருக்கிறோம் அல்லவா? அதனால்தான் தண்ணீர்ப் பகுதியை மெல்லிய படலமாகவும் வெள்ளையைத் தொட்டால் தட்டுப்படும் தடிமனிலும் போட்டிருக்கிறார். பூ வரையவில்லை. ஒரு நொடியில் முகத்தில் வந்து மோதிய கனத்தை வரைந்திருக்கிறார். எனக்கு அந்த மஞ்சள் கோட்டில் முழுத் திருப்தி இல்லை, கொஞ்சம் விளக்கம் சொல்வதுபோல் இருக்கிறது. அந்த வெள்ளையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சுருக்கமாக: மணமும் ஓசையும் கேன்வாஸில் நேராக ஏறுவதில்லை. நிறம், தடிமன், இடம், விளிம்பு என்று ஈடு கட்டப்பட்டு ஏறுகின்றன. அந்த ஈட்டைப் பார்க்கிறவரும் ஓரளவு உணர முடிவது, நம் எல்லோரிடமும் அந்தப் பொருத்தம் இருப்பதால்.

இதற்குப் பயிற்சி உண்டா?

உண்டு, பழைய பயிற்சி. 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் லெகாக் த புவபோத்ரான் என்ற ஓவிய ஆசிரியர், மாணவர்களை ஒரு பொருளை நன்றாகப் பார்க்கச் சொல்லிவிட்டு, அது கண்முன் இல்லாமல் வரைய வைத்தார். எளிய உருவங்களில் தொடங்கி மெல்ல மெல்லச் சிக்கலானவற்றுக்குப் போவார். சிற்பி ரோடான் அவரிடம் படித்தவர்.

இந்த முறை நண்பர்கள் வழியாக விஸ்லர் என்ற அமெரிக்க ஓவியரை எட்டியது. 1870களில் லண்டனில் தேம்ஸ் நதியின் இரவுக் காட்சிகளை வரைந்தவர் அவர். இருட்டில் கரையோரம் நின்று எப்படி வரைவது? ஒரு காட்சியை நன்றாகப் பார்ப்பார். பிறகு அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கூட வந்தவரிடம் ஒப்பிப்பார்: வானம் இந்த நிறம், கட்டடம் அதைவிட இருட்டு, இங்கே மூன்று விளக்கு, அவற்றின் பிரதிபலிப்பு தண்ணீரில் இவ்வளவு நீளம். தப்பு இருந்தால் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ஒப்பிப்பார். சரியாக வந்தபின் வீட்டுக்குப் போய், பெரும்பாலும் மறுநாள், மிக மெல்லிய வண்ணத்தில் வேகமாக வரைவார்.

அந்த வேகத்தைப் பார்த்து ஏமாந்தவர்களில் பெரிய விமர்சகர் ரஸ்கினும் ஒருவர். 1877இல் விஸ்லரின் ஓர் இரவு ஓவியத்தைப் பார்த்து, பொதுமக்கள் முகத்தில் வண்ணச் சட்டியை வீசியடித்திருக்கிறார் என்ற பொருளில் எழுதினார். விஸ்லர் மானநஷ்ட வழக்குப் போட்டார். 1878இல் தீர்ப்பு அவர் பக்கம், ஆனால் நட்டஈடு ஒரு பார்த்திங், அன்றைய பிரிட்டனின் அற்பக் காசு. வக்கீல் செலவில் நொடித்துப்போனார். "மனசுக்குத் தோணினதைத் தீட்டுவது" என்ற பேச்சுக்கு வயது நூறுக்கு மேல் என்பது இதிலிருந்து தெரிகிறது.

இன்னொரு பயமும் பலருக்கு உண்டு: "கண்ணை மூடினால் எனக்கு ஒன்றுமே தெரிவதில்லை, நான் எப்படி வரைவது?" மனக்கண்ணில் படமே தோன்றாதவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். 2015இல் ஆடம் ஸீமன் என்ற நரம்பியல் மருத்துவர் இதற்கு அபேன்டேசியா என்று பெயர் வைத்தார். அனிமேஷன் படங்கள் எடுக்கும் பிக்சார் ஸ்டூடியோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல் தனக்கும் அப்படித்தான் என்று வெளிப்படையாகச் சொன்னவர். விஸ்லர் செய்ததைக் கவனியுங்கள்: அவர் கண்ணை மூடவில்லை, வாயால் ஒப்பித்தார். உறவுகளைத்தான் மனப்பாடம் செய்தார், எது எதைவிட இருட்டு, எது எதற்கு மேலே என்று. அதற்கு மனக்கண் அவசியமில்லை.

பழுப்பைக் கலக்கும்போது

முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு செய்முறைக் குறிப்பு, அதுவும் ஆற்று நிறம் பற்றி. கறுப்பும் வெள்ளையும் கலந்து மண் நிறம் வரவைக்கப் பார்க்காதீர்கள். ஓக்கர், சியன்னா, அம்பர் என்று விற்கும் மண் நிறங்களை எடுங்கள். அவற்றுக்கு முக்கியமாக நிறம் கொடுப்பது இரும்பு ஆக்ஸைடு. நம் செம்மண்ணுக்கும், அது கரைந்து கலங்கி ஓடும் கிள்ளான் ஆற்றுக்கும் நிறம் கொடுப்பதும் அதே சங்கதிதான், அதனால் சட்டென்று பொருந்திவிடும். வெள்ளை தாராளமாக, அந்திக்காக அல்ட்ராமரின் நீலம் துளியளவு.

அப்புறம் ஒன்று. அக்ரிலிக்கில் வண்ணத்தைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தில் பால் வெள்ளையாக இருக்கும், காய்ந்ததும் கண்ணாடிபோல் தெளிந்துவிடும். அதனால் காய்ந்த நிறம் பெரும்பாலும் ஒரு படி இருட்டாகவே வரும். தட்டில் உங்கள் நினைவோடு அச்சாக ஒத்துப்போகும் பழுப்பு, கேன்வாஸில் காய்ந்தபின் நீங்கள் பார்த்த ஆற்றைவிடக் கறுத்திருக்கும். கலக்கும்போதே கொஞ்சம் வெளிறலாக வைத்து, ஒரு துண்டு அட்டையில் தடவிக் காயவிட்டுப் பார்த்துவிட்டு அதன்பிறகு கேன்வாஸில் கை வையுங்கள்.